சீடர் கலயங்கள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, புன்னைக்காயலுக்குச் செல்லும் மணற்பாதையில், உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த சிற்றூர் சிலுவைத்துறை. அவ்வூரில் நூற்றெண்பது வீடுகளும், ஒரு கோவிலும், இரண்டு தேநீர்க் கடைகளும் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு யூதாசும் இருந்தான்.

அவனுடைய உண்மைப் பெயர் தனராஜ். அவன் எவரையும் காட்டிக்கொடுத்தவன் அல்லன். கட்டுமரத்தில் போய் வலைவீசி, கிடைத்ததை விற்று, மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்தவன். அவனுக்கு அப்பெயர் வந்த வரலாறு இதுதான். பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில், சாமியார் ஊரார் பன்னிருவரைச் சீடர்களாக அமர்த்தி, அவர்களுடைய பாதங்களைக் கழுவுவது வழக்கம். பூசை முடிந்தபின் அப்பன்னிருவரும் கோவில் முற்றத்தில் வரிசையாக அமர்ந்து, பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்த கஞ்சியைக் குடிப்பார்கள். குடித்த பாத்திரத்தை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். முந்தின ஆண்டு தூத்துக்குடிக் கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்த பீங்கான் பூசிய தகரக் கோப்பைகளில் பதினொன்றுக்கு நீல விளிம்பு. ஒன்றுக்குச் சிவப்பு விளிம்பு. சிவப்பு விளிம்புக் கோப்பை தனராஜின் கைக்கு வந்தது. பன்னிருவரில் மாறுபட்டவன் யார் என்பது ஞானோபதேசம் படித்த சிறு பிள்ளைக்கும் தெரியும். அன்று முதல் அவன் யூதாஸ் தனராஜ் ஆனான். குழாயடியில் அவன் மனைவியை, "ஏளா யூதாஸ் வீட்டம்மா, கொடத்த நகத்து" என்றார்கள்.

ஆகவே, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, உபதேசியார் ரோச் பூசை முடிவில் எழுந்து, "இந்த வருசம் தகரம் வேண்டாம், மண் கலயம்தான் வேணும்னு சாமி சொல்லிட்டாவ. பன்னிரண்டும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கணும். யாரு செஞ்சு தருவா?" என்று கேட்டபோது, கூட்டத்தில் பலரும் தனராஜைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் செய்யுதேன்."

சொன்னவர் பாஸ்கல். நாற்பத்தாறு வயது, இருபத்தைந்து ஆண்டுகள் சங்கு குளித்தவர். ஒன்றரை நிமிடம் மூச்சடக்கி, எட்டுப் பாகம் ஆழத்தில் மணலைத் துழாவி, இரு கைகளிலும் சங்கோடு மேலே வரும் ஆற்றல் படைத்தவர் என்று பெயர் பெற்றவர். முந்தின கார்த்திகையில், அடியில் இருந்தபோதே, இடக்காதில் ஏதோ தெறித்தது. மேலே வந்தபோது தோளில் இரத்தம் வழிந்தது. பெரியாஸ்பத்திரி மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனிக் கடலில் மூழ்கவே கூடாது, தலை நனையக் குளிப்பதுகூடக் கிணற்றடியில்தான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் பாஸ்கலின் குசினியில் விவாதம் நடந்தது. அவருடைய மனைவி பிலோமினா மாங்காய் போட்ட சாளைக் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வில்பிரட் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். அவன் உப்பேற்றிச் செல்லும் தோணி ஒன்றை நடத்தும் தண்டல். அதாவது, கரையில் எவ்வளவு சத்தமாகப் பேசுவானோ அதைவிட இரு மடங்கு சத்தமாகக் கடலில் பேச உரிமை பெற்றவன்.

"மாப்ள, நீ சங்கெடுத்தவன்லா. சட்டி பானை எப்ப எடுத்த?"

"மூணு மாசமா ஆத்தங்கரைச் சூளைக்குப் போயிக்கிட்டுத்தான இருக்கேன் மச்சான்."

"போய் அந்தப் பொம்பள செய்யிற பானைய வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் பிலோமினா. "ஒரு நாளு மடியில கட்டிக்கிட்டு வந்து ஒண்ண நீட்டுனாவ. வெளக்கா, உப்புமரவையான்னு கேட்டேன். கலயம்னு சொல்லுதாவ."

"அது மொதல்ல செஞ்சது" என்றார் பாஸ்கல்.

"உப்புதான் போட்டு வச்சிருக்கேன். குத்தம் சொல்லல."

வில்பிரட் சோற்றைப் பிசைந்தபடி விஷயத்துக்கு வந்தான். "உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்ச மறுநாள் தோணி கெளம்புது. உப்பு ஏத்திக் கொச்சி. அங்கன இருந்து ஓடு ஏத்திக்கிட்டு வரணும். பண்டாரி வேலைக்கு ஆளு இல்ல. நீ வந்து சோறாக்கு. ஒரு காது கேக்கலன்னா என்ன? ஒல கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியும்லா."

"இவிய வச்ச ரசத்தப் பூனை மோந்து பாத்துட்டுப் போயிருச்சு அண்ணே. உன் தோணிக்காரனுவ பாவம்."

பாஸ்கல் மீனின் முள்ளை எடுத்தார். தோணியில் சமைப்பது இழிவான தொழில் என்று அவர் எண்ணவில்லை. ஆனால், தோணி தெற்கே திரும்புமுன் சங்கு விளையும் கடலடிப் பார்களின் மேல்தான் மிதந்து போகும். எந்தப் பாரில் எந்தப் பருவத்தில் சங்கு மணலைக் கீறிக்கொண்டு நகரும் என்று அவருக்குத் தெரியும். அதன்மேல் அமர்ந்துகொண்டு வெங்காயம் உரிப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே இயலவில்லை. இதை வாயால் சொல்லவும் அவருக்கு வரவில்லை. அதனால் வேறொன்றைச் சொன்னார்.

"பன்னிரண்டு கலயமும் ஒண்ணுபோல இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா?"

வில்பிரட் கையை உதறினான். "நானும் இந்த வருசம் சீடர்ல ஒருத்தன். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தப்பாது. பன்னிரண்டுல ஒண்ணு மாறி இருந்துச்சுன்னா, நீ பேசாம தோணியில ஏறணும். ஒண்ணும் மாறலன்னா, இனிமே பண்டாரின்னு என் வாயில வராது. ஏளா பிலோ, நீதான் சாச்சி."

"நான் சாச்சியா இருக்கேன்" என்றாள் பிலோமினா. "எனக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறிய ரெண்டு பேரும். சரி, குழம்பு ஊத்தவா?"

அவளுக்கென்று ஒன்று இருந்தது. திருமணமான நாள் முதல் சங்குப் பருவம் முழுவதும் வாசலைப் பார்த்தே வாழ்ந்தவள் அவள். இந்த மூன்று மாதமாகத்தான் கணவர் மாலையில், முழங்கை வரை மண்ணோடு, உயிரோடு, நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறார். அதை அவளும் வாயால் சொல்லவில்லை.

ஆற்றங்கரைச் சூளை சிலுவைத்துறையிலிருந்து இரண்டு மைல். அதை நடத்தியவள் அருணாசலவடிவு, முப்பது வயது. அவளுடைய கணவன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போய்விடுவான். ஆண் பிள்ளை இல்லாத அவளுடைய தந்தை, பெண் சக்கரத்தில் அமரக் கூடாது என்று ஊரார் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவளுக்குச் சக்கரத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். தன்னைவிடப் பதினாறு வயது மூத்த மாணவர் ஒருவர் வாய்ப்பார் என்று அவள் எதிர்பார்த்ததில்லை. பாஸ்கல் முதன்முதலில் தண்ணீர்ப்பானை வாங்கத்தான் வந்தார். சூளை பிரிக்கும்வரை காத்திருந்தார். காத்திருந்த கை சும்மா இராமல் மண்ணைப் பிசைந்தது. கடலடி மண்ணைப்போல் குளிர்ச்சியாக இருந்தது என்று சொன்னார். மறுநாளும் வந்தார்.

"ஒண்ணு செய்யிறது பெரிசில்ல அண்ணாச்சி" என்றாள் அவள், பன்னிரண்டு கலயத்தின் செய்தியைக் கேட்டவுடன். "அதே போல ரெண்டாவது செய்யணும். எங்க அய்யா எனக்கு ஒரு வருசம் ஜோடி ஜோடியாத்தான் செய்யக் குடுத்தாவ. ரெண்டும் ஒண்ணா வரலன்னா ரெண்டையும் பிசைஞ்சிருவாவ."

"நமக்கு வருசம் இல்ல வடிவு. முப்பத்தஞ்சு நாளுதான்."

"அப்ப இப்பவே உக்காருங்க."

முதலில் மண்ணை அளந்தார்கள். ஒரு கலயத்துக்கு ஒரு சிரட்டை மண். விளிம்போடு வழித்துத் தட்டிய சிரட்டை. கலயத்தின் வாய் அளவுக்குப் பாஸ்கல் தாமே ஒரு வழி கண்டார். சங்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில், அதிகாரிகள் ஒவ்வொரு சங்கையும் ஒரு வளையத்துக்குள் போட்டுப் பார்ப்பார்கள். வளையத்தில் நழுவி விழுவது குஞ்சுச் சங்கு என்று தள்ளப்படும். அவ்வாறே மூங்கிற் பிளாச்சை வளைத்து இரண்டு வளையங்கள் செய்தார். சிறிய வளையம் கலயத்தின் வாய்க்குள் இறங்க வேண்டும். பெரியது இறங்கக் கூடாது. வடிவு அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க அய்யாவுக்கு இது தோணலியே" என்று மட்டும் சொன்னாள். பாஸ்கலுக்கு அன்று மாலை வீடு திரும்பும் வழியில் மணல் காலைச் சுடவில்லை.

ஆயினும் வாய் ஒத்திருந்தால் வயிறு ஒத்திருப்பதில்லை. முதல் முறை பன்னிரண்டு செய்து பலகையில் வரிசையாக வைத்தபோது, முதலாவது கலயம் திருமண விருந்தில் உண்டு எழுந்தவன்போல் இருந்தது. பன்னிரண்டாவது நாற்பது நாள் நோன்பிருந்தவன்போல் இருந்தது. அடுத்தடுத்த இரண்டை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை.

"நீங்க ஒவ்வொண்ணையும் எதப் பாத்துச் செய்யுதீய?"

"அதுக்கு முந்தி செஞ்சதப் பாத்து."

"அதான். மகன் அப்பனப் போல இருக்கான். அவன் மகன் அவனப் போல இருக்கான். பன்னிரண்டாவது தலைமுறை யாரப் போல இருக்கும்? எல்லாத்துக்கும் முதலாவதையே பாருங்க. அத எடுத்து எதுக்க வைங்க."

முதலாவதை எதிரே வைத்துச் செய்தார். தேறியது, எனினும் முழுமையாகத் தேறவில்லை. ஏழாவது எட்டாவது வரை சரியாக வந்த கலயங்கள், அதன் பின்னர் சிறிது சிறிதாக உயரம் குறைந்தன. மண் ஒரே அளவு. வளையம் ஒரே அளவு. கண் முதலாவதின் மீது. பின் எங்கே பிழை என்று இருவருக்கும் விளங்கவில்லை. ஒருநாள் முற்பகல் வடிவு தன் வேலையை விட்டுவிட்டு, அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்து, மண்ணைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள். அவர் கோலைச் சக்கரத்தில் கொடுத்துச் சுழற்றினார். மண்ணின்மேல் கை வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கலயம் எழுந்தது. நூலால் அறுத்து எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, திமிங்கிலம்போல் மூச்சை விட்டார்.

"அண்ணாச்சி."

"என்ன?"

"மூச்சு விட மாட்டியளா?"

பாஸ்கல் திகைத்தார். "விடுதேனே."

"எங்க விட்டிய? கைய வச்சப்ப பிடிச்ச மூச்சு, அறுத்து எடுத்த பெறகுதான் விட்டிய. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவர் சிந்தித்தார். உண்மைதான். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம்; கையால் துழாவும் வேலை என்றாலே மூச்சு தானாக நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கலயத்தையும் ஒரே மூச்சில் முடித்திருக்கிறார். ஏழெட்டு முறை மூழ்கி எழுந்த உடல் களைத்துப்போக, மூச்சின் நீளம் குறைய, மேலே ஏற வேண்டும் என்ற அவசரத்தில் கலயமும் குறைந்திருக்கிறது.

"இது மண்ணு அண்ணாச்சி. மேல தண்ணி இல்ல. ஒங்கள யாரும் கயிறு கட்டி இழுக்கப் போறதும் இல்ல. மூச்ச விட்டுக்கிட்டே செய்ங்க."

சொல்வது எளிது. மூச்சை விட முயன்றால் கை நடுங்கியது; கையைக் கவனித்தால் மூச்சு நின்றது. மூன்று நாள் அவர் செய்தவை அனைத்தும் கோணலாகித் திரும்பவும் மண்ணாயின. நான்காம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தக் கூத்துக்குத் தோணியில வெங்காயம் உரிக்கலாம்."

"உரிங்க. கண்ணுல தண்ணி வந்தாலும் மூச்சு வரும்லா" என்றாள் வடிவு. பிறகு சற்று யோசித்து, "பேசிக்கிட்டே செஞ்சா?" என்று கேட்டாள். "பேசுதவன் மூச்சடக்க முடியாது."

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது. பாட்டுப் படிங்க."

"எனக்குப் பாட்டு வராது. செபமாலை சொல்லத் தெரியும்."

"அதச் சொல்லுங்க. எனக்கென்ன?"

அவ்வாறே, பாஸ்கல் கோலைச் சுழற்றிவிட்டு, உரக்க மங்கள வார்த்தைச் செபத்தைத் தொடங்கினார். முதற் கலயம் ஆடியது. இரண்டாவது நின்றது. மூன்றாவது கலயத்தின்போது ஒரு புதுமையைக் கவனித்தார்: மண்ணை நடுவில் நிறுத்த இரண்டு செபம், குழி இறக்க ஒன்று, சுவர் எழுப்ப நான்கு, வயிறு தள்ள இரண்டு, வாய் மடிக்க ஒன்று. செபமாலையின் ஒரு பத்து முடியும்போது கலயமும் முடிந்தது. அடுத்த கலயத்துக்கு அடுத்த பத்து. ஐந்து கலயத்துக்கு ஒரு செபமாலை. மூச்சைப்போல் அது குறுகவில்லை. முதற் பத்தும் பன்னிரண்டாம் பத்தும் ஒரே நீளம்.

பக்கத்தில் அமர்ந்து பானையின் அடியைத் தட்டிக்கொண்டிருந்த வடிவு, ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கையில் தேர்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு விட்டுட்டிய. ஒம்பதுதான் ஆயிருக்கு."

"பத்து ஆச்சு."

"ஒம்பது. வாயப் பாருங்க, மடிக்காம நிக்கி."

அவர் வாயைப் பார்த்தார். மடிக்காமல்தான் நின்றது. பத்தாவதையும் சொல்லி மடித்தார்.

இவ்வாறாகப் பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த நாள்களில், முருகனைக் கும்பிடும் வீட்டு முற்றத்தில் மாதா செபம் நாள்தோறும் ஒலித்தது. ஆற்றில் துணி துவைக்க வந்தவர்கள், பானை செய்கிற இடத்தைக் கோவிலாக்கிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உபதேசியார் ரோச் ஒருநாள் மிதிவண்டியில் வந்து, இது பக்தியா அவமரியாதையா என்று தீர்மானிக்க முடியாமல், ஒரு சொம்பு பதநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழனன்று சூளை வைத்தார்கள். உடையும் என்று எதிர்பார்த்துப் பதினாறு கலயங்களை அடுக்கினார்கள். வைக்கோலும் வறட்டியும் பனமட்டையும் வைத்து, மேலே மண் மெழுகி, தீ மூட்டினார்கள். மறுநாள் ஆறியபின் பிரித்தபோது, இரண்டு விரிசல். ஒன்று வாய் உடைந்தது. ஒன்று புகை பிடித்துக் கரிய முகத்தோடு வந்தது. எஞ்சியவை பன்னிரண்டு. சுண்டினால் எல்லாம் ஒரே குரலில் பேசின. பாஸ்கல் ஒவ்வொன்றையும் நல்ல காதருகே கொண்டு சென்று சுண்டிப் பார்த்து, பின்னர் ஏனோ கெட்ட காதருகேயும் கொண்டு சென்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலின்மேல் பரப்பியபோது, பிலோமினா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்க செஞ்சதா?"

"பின்ன?"

"அந்த உப்புமரவைய இனி வெளிய எடுக்க மாட்டேன்."

ஆனால் அவள் சாட்சி. சாட்சிக்குரிய கடமையை அவள் மறக்கவில்லை. ஒரு தம்ளர் எடுத்து, ஒவ்வொரு கலயத்துக்கும் மும்மூன்று தம்ளர் தண்ணீர் அளந்து ஊற்றினாள். பதினொன்றில் தண்ணீர் கழுத்து வரை நின்றது. ஒன்றில் ஒரு நூல் இறங்கி நின்றது.

"இதுல ஒரு கரண்டி கூடப் பிடிக்கும் போலிருக்கு" என்றாள் மெதுவாக.

பாஸ்கல் கட்டிலருகே வந்தார். "எது?"

"இதான்." அவள் தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு, அதைக் கட்டிலில் வைத்தாள். மற்றவற்றின் தண்ணீரையும் கொட்டித் துடைத்து வைத்தாள். பிறகு இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"எதுன்னு சொன்ன?"

"இது. இல்ல, இது. இருங்க." அவள் நான்கைந்தைத் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் காட்டினாள். "அட எளவே, எதுன்னு இப்பத் தெரியலியே."

"மறுபடியும் ஊத்திப் பாரு."

"ஊத்த மாட்டேன்" என்றாள் பிலோமினா. "எனக்கே தெரியலன்னா எங்க அண்ணனுக்கு எங்க தெரியப் போவுது? தம்ளர்ல நான்தான் கொறச்சு ஊத்திருப்பேன்." அவள் தன் கல்யாணச் சேலையை எடுத்துக் கலயங்களை மூடிவிட்டாள்.

பெரிய வியாழக்கிழமை மாலை கடற்காற்று கோவிலுக்குள் நுழைந்து மெழுகுவர்த்திகளை அலைக்கழித்தது. பன்னிருவரும் வெள்ளை வேட்டியில், கழுவிய காலையே மறுபடியும் கழுவக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். வில்பிரட் ஐந்தாவது, தனராஜ் பன்னிரண்டாவது. யூதாஸ் என்ற பெயர் கழிய வேண்டும் என்று அவனே கேட்டு இடம் பெற்றிருந்தான். பூசை முடிந்ததும் முற்றத்தில் பாய் விரித்தார்கள். ரோச் உபதேசியார் கலயங்களை வரிசையாக வைத்து, அகப்பையால் கஞ்சி ஊற்றிக்கொண்டு போனார். ஊரே சுற்றி நின்றது. அவர்களுடைய பார்வை கஞ்சியில் இல்லை.

"ஏலே, ஒன் கலயத்தக் காட்டு."

"ஒன்னதக் காட்டு முதல்ல."

"எனக்குக் கஞ்சி கொறச்சலா இருக்கே" என்றான் வில்பிரட் திடீரென்று. "இவனுக்குக் கழுத்து வரைக்கும் நிக்கி. எனக்கு எறங்கி நிக்கி. ஒரே அளவு ஊத்துனா எப்படி எறங்கும்? கலயம் பெரிசு."

பாஸ்கல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். பிலோமினாவின் விரல்கள் அவர் முழங்கையைப் பற்றின. அந்தக் கலயம் வில்பிரட்டிடமே போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருவருக்கும் தோன்றியது.

"ஒரே அளவு ஊத்துனேன்னு யாரு சொன்னா?" என்றார் ரோச், அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு.

"அளவு பாக்காமலா ஊத்துனீரு?"

"நான் என்ன மண்ணெண்ணெய்க் கடையா வச்சிருக்கேன்?"

"எனக்கும் கொறச்சல்தான்" என்றது மற்றொரு குரல். "எனக்குப் பயறே வரல." "எனக்குத் தேங்காப்பூ வரல." விசாரணை கலயத்தை விட்டு உபதேசியார்மேல் திரும்பியது. ஆனால் வில்பிரட் விடுபவன் அல்லன். கஞ்சியை ஒரே இழுப்பில் குடித்துவிட்டு எழுந்தான். தன் கலயத்தைக் கவிழ்த்து, பக்கத்தவனுடைய கலயத்தின் வாய்மேல் வாயாக வைத்தான். மூடிபோல் பொருந்தியது. அடுத்ததன்மேல் வைத்தான், பொருந்தியது. உயரம் பார்த்தான், விரலால் சாண் போட்டான், சுண்டினான். ஒவ்வொரு முறையும் கூட்டம் எண்ணியது. பத்தாவதும் பொருந்தியபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பாஸ்கல் தம்மை அறியாமல் மூச்சடக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் தனராஜின் கலயம் இருந்தது. தனராஜ் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"குடிச்சு முடிக்கல."

"குடு லே. பாத்துட்டுத் தாரேன்."

"வாய்ல வச்சதப் பிடுங்குதியே."

வில்பிரட் தன் கலயத்தை இடக்கையில் வைத்துக்கொண்டு வலக்கையால் இழுத்தான். தனராஜ் சட்டென்று விட்டான். வில்பிரட் பின்னால் சாய்ந்து, பாயில் அமர்ந்து, தனராஜின் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றினான். அவனுடைய சொந்தக் கலயம் கோவில் படியில் விழுந்து ஐந்தாறு துண்டாயிற்று.

தனராஜ் எழுந்து வந்து, தன் கலயத்தைப் பணிவோடு வாங்கிக்கொண்டான். அதைத் தலைக்குமேல் உயர்த்தி ஊராருக்குக் காட்டினான். மற்றப் பதின்மரும் தங்கள் கலயத்தைத் தூக்கினார்கள்.

"பதினோரு பேரு கையில கலயம் இருக்கு" என்றான் தனராஜ், ஓராண்டு தேக்கி வைத்த நிதானத்தோடு. "ஒருத்தன் கையில இல்ல. அவன் யாருன்னு நான் சொல்லணுமா, சாமி வந்து சொல்லணுமா?"

சிரிப்பொலி கேட்டு, சாமியாரே வெளியே வந்து எட்டிப் பார்த்தார் என்று பின்னர் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த வழியில் பிலோமினா நின்று நின்று சிரித்தாள். "ஒண்ணும் மாறலன்னு அவனே ஊரு முன்னால காட்டிட்டான். நான் சாச்சி சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு."

"அந்த ஒரு கரண்டி?"

"படியில கெடக்கு" என்றாள் அவள்.

புனித வெள்ளியன்று ஊரில் எவரும் தொழிலைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், ஆற்றங்கரைச் சூளையின் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வில்பிரட் வந்தான். அவனுடைய குரல் அன்று கரைக்குரிய அளவைவிடவும் தணிந்திருந்தது. கையில் ஒரு கலயம் வைத்திருந்தான். யாரிடமோ கெஞ்சி இரவல் வாங்கியது.

"மாப்ள."

"வாங்க மச்சான்."

"தோணிக்காரனுவ இப்பவே யூதாஸ் தண்டல்னு கூப்பிடுதானுவ. இதே போல எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துரு. ஒண்ணே ஒண்ணு."

பாஸ்கல் வடிவைப் பார்த்தார். இத்தனை நாளும் பாஸ்கலே சக்கரத்தைச் சுற்றியதை மறந்தவள்போல், வடிவு மண் பிசைந்துகொண்டே, "சக்கரம் சுத்த இன்னிக்கு ஆளு இல்ல" என்றாள். "அவிய சுத்துனா செய்யலாம்."

ஒரு தோணியின் தண்டல், வேட்டியை மடித்துக் கட்டி, கோலை எடுத்துச் சக்கரத்தின் குழியில் கொடுத்தான். முதல் சுற்றிலேயே கோல் நழுவி அவன் முழங்காலில் அடித்தது. இரண்டாம் முறை சக்கரம் எழுந்தது. பாஸ்கல் ஒரு சிரட்டை மண்ணை அறைந்து வைத்து, செபத்தைத் தொடங்கினார். வில்பிரட் முதலில் விழித்தான். பின்னர் வேறு வழியின்றித் தானும் சேர்ந்து சொன்னான்.

"பண்டாரிக்கு ஆளு பாத்தாச்சா மச்சான்?" என்று, கலயத்தை நூலால் அறுத்து எடுத்தபின் பாஸ்கல் கேட்டார்.

"ஆச்சு." வில்பிரட் வேறெங்கோ பார்த்தான். "தனராஜ் வாரான்."

வடிவு சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொச்சி வரைக்கும், கொச்சியிலிருந்து திரும்பவும், யூதாஸ் என்று யார் யாரை அழைப்பார்கள் என்பதை எண்ணிப் பாஸ்கலும் குனிந்து கை கழுவினார்.

வில்பிரட் இரவல் கலயத்தைப் புதிய ஈரக் கலயத்தின் பக்கத்தில் வைத்தான். தாழ்ந்து பார்த்தான், எழுந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"ஏலே, இது பெரிசால்லா இருக்கு. ஒரு விரல் கூட இருக்கு. நீ அந்தப் பன்னிரண்டும் எப்படிச் செஞ்ச?"

"இப்படித்தான். காயும்போது கொஞ்சம் சுருங்கும். சூளையில இன்னும் கொஞ்சம் சுருங்கும். வெந்து வந்தா ஒண்ணுபோல நிக்கும். இப்பவே ஒண்ணுபோல இருந்தாத்தான் தப்பு."

"எப்ப வேவும்?"

"காய ஒரு வாரம். அப்புறம் சூளை நெறையணும். பத்துப் பதினஞ்சு நாளு ஆவும்."

"நான் திங்கக்கிழமை கெளம்பிருவேனே. திரும்பி வர வைகாசி ஆயிரும்."

பாஸ்கல் ஈரக் கலயத்தைப் பலகையோடு தூக்கி, வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தார். அதன் கழுத்தில் ஈர்க்கால் ஒரு சிறு கோடு கிழித்து அடையாளமிட்டார்.

"நீங்க மெதுவா வாங்க மச்சான்" என்றார். "நான் இங்கனதான இருக்கப்போறேன்."

பிறகு அடுத்த சிரட்டை மண்ணை எடுத்துச் சக்கரத்தில் அறைந்தார். வில்பிரட் கோலைக் கீழே வைக்கலாமா என்று வடிவைப் பார்த்தான். அவள் இன்னும் வைக்கச் சொல்லவில்லை.